ஆள்காட்டி விரலின் பொறுப்பு

தமிழில் எழுதப்படும் குற்றக்கதைகளிலும் மொழிபெயர்ப்பாக வரும் நாவல்களிலும் துப்பாக்கி சுடப்படும் இடங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு சிறு உண்மை புலப்படும். சுடுபவன் பெரும்பாலும் விசையை ‘அழுத்துகிறான்’, அல்லது ‘தட்டுகிறான்’, சில வேளை ‘சொடுக்குகிறான்’. அழைப்பு மணிக்கும் மின்விளக்குக்கும் உரிய வினைச்சொற்கள் இவை. ‘இழுத்தான்’ என்று எழுதுபவர் குறைவு. வெறும் சொல்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நிறையவே வருகிறது என்பது நம் எண்ணம். தொட்டவுடன் வெடிக்கும் பொருளாகத் துப்பாக்கியை மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு, ‘தெரியாமல் கை பட்டுவிட்டது’ என்ற வாக்குமூலமும் எளிதில் நம்பக்கூடியதாகிவிடுகிறது. அந்த விசை எவ்வளவு தூரம் நகர்ந்தது, எவ்வளவு பளுவைக் கேட்டது, அப்போது விரல் எங்கே இருந்தது என்னும் மூன்று கேள்விகளுக்குள் ஒருவரின் உயிரும் இன்னொருவரின் குற்றமும் அடங்கிவிடுவதுண்டு. அப்படி அடங்கிய வழக்கு ஒன்று நியூயார்க் நகரில் நடந்தது. அதைப் பேசுவதற்கு முன் கருவியைப் பற்றியும் விரலைப் பற்றியும் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

சாமுவேல் கோல்ட் 1836-இல் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் சுடுபவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. முதலில் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு ஆள்காட்டி விரலால் விசையை இழுத்து அதை விடுவிக்க வேண்டும். விசைக்கு ஒரே செயல்தான்: பிடித்து வைத்திருப்பதை விட்டுவிடுவது. ஆகவே அதற்குச் சிறு அசைவே போதும். இதைத்தான் சிங்கிள் ஆக்‌ஷன் என்கிறார்கள். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கோல்டின் ரிவால்வரோடு ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயரின் ரிவால்வரும் வைக்கப்பட்டது. அதில் கட்டைவிரலுக்கு வேலையில்லை. விசையை நீளமாக இழுத்தால் சுத்தியல் எழும்பும். இழுப்பின் முடிவில் தானே விடுபட்டு அடிக்கும். சுத்தியலை ஏற்றுவதும் விடுவதும் ஆகிய இரு செயல்களையும் ஒரே விரல் ஒரே இழுப்பில் செய்யும் இந்த முறைதான் டபுள் ஆக்‌ஷன். 1929-இல் வந்த வால்தர் பிபி என்னும் ஜெர்மானியத் துப்பாக்கி, தானியங்கிப் பிஸ்டல்களிலும் இந்த ஏற்பாட்டுக்கு வணிக வெற்றி தேடித் தந்தது. அதில் முதல் குண்டுக்கு மட்டும் நீண்ட கடின இழுப்பு. அதன் பிறகு பிஸ்டலே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி வைத்துவிடுவதால் அடுத்தடுத்த குண்டுகளுக்கு இலகுவான குறுகிய இழுப்பு. அமெரிக்கப் படைகள் 1985-இல் ஏற்றுக்கொண்ட பெரெட்டாவும் இவ்வகையே.

நம் பழைய அகராதிகளில் துப்பாக்கியின் இந்த உறுப்புக்குக் ‘குதிரை’ என்ற பெயர் உண்டு. நல்ல பெயர்தான். குதிரையை யாரும் சொடுக்குவதில்லை. கடிவாளம் பிடித்து, அதன் போக்கு அறிந்து, நிதானமாக நடத்த வேண்டும். டபுள் ஆக்‌ஷன் விசைக்கு இது முற்றிலும் பொருந்தும்.

பளுவைக் கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் போட்டிக்கு அனைத்துலகத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு விதித்துள்ள குறைந்தபட்ச விசைப்பளு 500 கிராம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது இப்போட்டியில்தான். டபுள் ஆக்‌ஷன் விசையோ ஏறத்தாழ 10 முதல் 12 பவுண்டு, அதாவது நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை கேட்கும். நகரும் தூரமும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். குண்டு நிரப்பிய நடுத்தரப் பிஸ்டல் ஒன்று ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுடையது. தன் எடையைப் போல் ஐந்தாறு மடங்கு பளுவால் இழுக்கப்படும் பொருள், காற்றில் நீட்டிய கைகளில் அசையாமல் நிற்க வேண்டும். குழல்முனை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் இலக்கில் அது பல சென்டிமீட்டராக விரியும். ஆகவே இவ்விசையை ஆள்வதற்கு வெறும் பலம் போதாது. விரலின் எந்தப் பகுதி, எந்தத் திசையில், எப்படி இழுக்கிறது என்பதே முக்கியமாகிறது.

காற்றுப் பிஸ்டல் சுடுபவர்கள் விரல் நுனியின் சதைப்பற்றான மையத்தை விசையில் வைக்கிறார்கள். உணர்வு நுட்பம் அங்கேதான் மிகுதி. அரை கிலோவுக்கு அதுவே போதும். டபுள் ஆக்‌ஷனில் அதே இடத்தை வைத்தால் நுனி வளைந்து தடுமாறும். வலக்கைக்காரர் இழுக்க இழுக்கக் குழல்முனை இடப்பக்கம் தள்ளப்படும். எனவே அனுபவமுள்ள ரிவால்வர் வீரர்கள் விரலை இன்னும் உள்ளே செலுத்தி, நுனியிலிருந்து முதல் கணுவின் மடிப்பை விசையில் பொருத்துகிறார்கள். எலும்பின் நெம்புவலிமை கிடைப்பது அங்கேதான். அதற்கும் மேலே போய் விரலைச் சுற்றிக்கொண்டால் குழல்முனை வலப்பக்கம் இழுபடும். இது மாறாத சட்டம் என்று சொல்லிவிட முடியாது. கைகள் பல அளவு. சிறிய கைகளுக்குக் கணுவரை எட்டாது; அவர்கள் எட்டும் இடத்தைக் கொண்டு பழகலாம், அல்லது தம் கைக்கேற்ற பிடியுள்ள கருவியைத் தேடலாம். சோதனை ஒன்றுதான்: இழுப்பு தொடங்கி முடியும் வரை முன்குறி இருந்த இடத்திலேயே இருக்கிறதா? இருந்தால் விரல் சரியான இடத்தில் இருக்கிறது.

பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை, பிடியின் பின்புறத்தில் இயன்ற அளவு உயரமாக அமைய வேண்டும். மற்ற மூன்று விரல்களும் பிடித்த பிடியிலேயே நிற்க, ஆள்காட்டி விரல் மட்டும் தனித்து இயங்க வேண்டும். இதுவே கடினமான பாடம். மனிதக் கையின் இயல்பு எல்லா விரல்களையும் சேர்த்து மூடுவது. பால் குடிக்கும் குழந்தையும் அப்படித்தான் பற்றுகிறது. ஒரு விரலை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பது வீணை வாசிப்பவரும் எழுத்தோவியரும் ஆண்டுக்கணக்கில் பழகுவது. தவிர, விரலின் அடிப்பகுதி துப்பாக்கியின் உடலில் உரசாமல் சிறு இடைவெளி இருக்க வேண்டும். உரசினால் விசையோடு சேர்த்துத் துப்பாக்கியையும் அது தள்ளும்.

இழுப்பு, தொடங்கிய வேகத்திலேயே இடையில் நில்லாது முடிய வேண்டும். முக்கால் பங்கு இழுத்து நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, மீதியைச் சட்டென்று முடிக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. காகித இலக்கில் அது பலன் தரலாம். ஆயினும் நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும்போது ஒரு வெட்டு விழுகிறது; அந்த வெட்டிலேதான் குறி தப்புகிறது. குண்டு புறப்பட்ட பின் விரல் விசையை விட்டுத் துள்ளி விலகாமல், அதனோடு கூடவே முன்னுக்கு வர வேண்டும். இவற்றைப் பழகக் குண்டே தேவையில்லை. துப்பாக்கி காலி என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, குண்டுகளை வேறோர் அறையில் வைத்துவிட்டு, குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுக்கச் சொல்லும் பழைய பயிற்சி உண்டு. நாணயம் விழாமல் சுத்தியல் விழ வேண்டும்.

இந்த விசையைக் கொண்டு துல்லியமாகச் சுடவே முடியாது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர், டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலை இல்லாத சிக்கலுக்குக் கண்டுபிடித்த கெட்டிக்காரத் தீர்வு என்ற பொருள்பட எள்ளினார். முதல் இழுப்பு ஒரு விதம், இரண்டாவது வேறு விதம் என்பது அவர் குறை. அதில் நியாயமும் உண்டு. எனினும் எட் மெக்கிவர்ன் என்ற மொண்டானா மாநிலத்து விளம்பரப் பலகை ஓவியர், 1932-இல் டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரால் 0.45 வினாடியில் ஐந்து குண்டுகளைச் சுட்டு, அவை ஐந்தையும் ஓர் அரை டாலர் நாணயத்துக்குள் அடங்கவைத்தார். 1999-இல் ஜெர்ரி மிக்குலெக் எட்டு குண்டுகளை ஒரே வினாடியில் சுட்டார். தூரிகை பிடித்த கை துப்பாக்கியிலும் வென்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பழகிய விரலுக்கு அந்தப் பளு தடையில்லை என்பதற்கு இவ்விருவரே போதிய சான்று. பழகாத விரலுக்கு அதே பளு என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை.

இனி நியூயார்க்கிற்கு வருவோம். அந்நகரக் காவல் துறை 1993-இல் ரிவால்வரிலிருந்து 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியது. அனுமதிக்கப்பட்டவற்றுள் கிளாக் நிறுவனத்தின் பிஸ்டலும் ஒன்று. அதன் வழக்கமான விசை ஐந்தரை பவுண்டு அளவில் இலகுவானது. ரிவால்வரின் நீண்ட இழுப்புக்குப் பழகிய காவலர்கள் இதைத் தவறுதலாக வெடித்துவிடக்கூடும் என்ற அச்சத்தால், ஏறத்தாழ 12 பவுண்டு பளுவுடைய தனிச் சுருள்வில் பொருத்தப்பட்டது. ‘நியூயார்க் விசை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. சுடுவதற்கு முன் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க அவகாசம் தருவது நீண்ட இழுப்பு. 1970-களில் ஜெர்மானியக் காவல் துறைக்காக உருவான வால்தர் பி5, சிக் பி225 போன்ற பிஸ்டல்களும் இதே நம்பிக்கையில்தான் கையால் இயக்கும் பாதுகாப்புத் தாழ் இல்லாமல் முதல் இழுப்பின் பளுவையே காப்பாகக் கொண்டன.

2014 நவம்பர் 20 இரவு, புரூக்ளினில் உள்ள அரசுக் குடியிருப்பு ஒன்றில் புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர் ஒருவர் ரோந்து சென்றார். விளக்கு எரியாத மாடிப்படி. ஒரு கையில் கைவிளக்கு, மறு கையில் பிஸ்டல். எட்டாவது மாடியில் கதவைத் திறந்து அவர் நுழைந்தபோது குண்டு வெடித்தது. அது சுவரில் பட்டுத் தெறித்து, ஒரு தளம் கீழே தோழியோடு படியிறங்க வந்த அக்காய் கர்லி என்ற 28 வயது இளைஞரின் மார்பில் பாய்ந்தது. அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அவர் எந்தக் குற்றத்துக்காகவும் தேடப்பட்டவரும் இல்லை. மின்தூக்கி வரத் தாமதமானதால் படிக்கட்டுக்கு வந்தவர்.

வழக்கு 2016-இல் விசாரணைக்கு வந்தது. தன் விரல் விசைமேல் இல்லை, பக்கவாட்டில்தான் இருந்தது. ஏதோ சத்தம் கேட்டு உடல் விறைத்தது, வெடித்துவிட்டது என்று காவலர் சாட்சியம் சொன்னார். அந்தப் பிஸ்டலின் விசை பதினொன்றரை பவுண்டு கேட்டது. ஜூரர்கள் அவ்விசையைத் தாமே இழுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு கடினம் என்பதை அவர்களின் விரல்கள் அறிந்தன. கொலை நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றம் உறுதியானது. பின்னர் நீதிபதி அதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்ற குற்றமாகக் குறைத்து, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தார். வேறு காவலர்கள் பலர் தப்பிய நாட்டில் சீன வம்சாவளியினரான இவரை மட்டும் பலியாடு ஆக்கினார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். ஒரு நாளும் சிறையில்லையா என்று கர்லியின் குடும்பத்தார் கலங்கினார்கள். இரு தரப்பின் வேதனையையும் நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது.

இவ்வழக்கில் ஜூரர்களின் அனுபவமும் உடலியல் ஆய்வும் மோதுவதுபோல் தோன்றும். இத்தனை கடினமான விசை தானாக இழுபடாது என்றது ஜூரர்களின் விரல். திடுக்கிடல், நிலைதடுமாற்றம், ஒரு கை இறுகும்போது மறு கையும் உடன் இறுகுதல் ஆகிய மூன்று காரணங்களால் விரல்கள் நம் விருப்பமின்றியே மூடிக்கொள்ளும் என்று ரோஜர் எனோக்கா போன்ற உடலியல் அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். வளர்ந்த ஆண் ஒருவரின் கைப்பிடி வலிமை சாதாரணமாக 40 கிலோவைத் தாண்டும். அதில் ஒரு விரலின் பங்கே ஐந்து கிலோவை எளிதில் மிஞ்சும். ஆகவே பழகிய குளிர்ந்த மனத்தோடு இழுக்கும்போது கடினமாகத் தோன்றும் அதே விசை, நடுங்கும் கையில் ஒரு நொடியில் தோற்றுப்போகலாம். ஆனால் இரண்டு விளக்கங்களுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றே இழுத்திருந்தாலும் திடுக்கிட்டு இழுத்திருந்தாலும், விரல் காப்பு வளையத்துக்குள் இருந்தாக வேண்டும். வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடலோடு ஒட்டி நீட்டிய விரலால் ஐந்து கிலோ விசையையும் அசைக்க முடியாது. அரை கிலோ விசையையும் அசைக்க முடியாது.

இதனாலேயே நாம் இவ்வாறு துணிகிறோம்: பொறுப்பைச் சுருள்வில்லிடம் ஒப்படைக்க முடியாது. விரலின் இடம் முதல் பாதுகாப்பு. நீண்ட இழுப்பு இரண்டாவது பாதுகாப்பு. இரண்டாவதை நம்பி முதலாவதைத் தளரவிட்ட எந்த நிறுவனமும் இரண்டையும் இழக்கும். அரை கிலோ விசையோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் உலகெங்கும் சுடுதளங்களில் நாள்தோறும் பாதுகாப்பாகப் பழகுகிறார்கள் என்றால், அவர்களைக் காப்பது விசையின் பளுவா, விரலுக்குக் கற்பித்த ஒழுக்கமா?

பளுவைக் கூட்டியதற்கு ஒரு விலையும் உண்டு. 2008-இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் அக்காவல் துறைக்காக அளித்த அறிக்கையில், 1998 முதல் 2006 வரை எதிரி திருப்பிச் சுட்ட மோதல்களில் காவலர் குண்டுகளில் 18 விழுக்காடே இலக்கைத் தொட்டன என்றும், எதிரி சுடாதபோதும் அது 30 விழுக்காடுதான் என்றும் கணக்கிடப்பட்டது. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஒரு கொலைகாரனை நோக்கி இரு காவலர்கள் 16 முறை சுட்டார்கள். அவன் வீழ்ந்தான், வழிப்போக்கர் ஒன்பது பேரும் அவர்களின் குண்டுகளாலோ தெறித்த சிதறல்களாலோ காயமடைந்தார்கள். இதற்கு விசையின் பளுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லமாட்டோம். அச்சம், நெரிசல், நேரமின்மை எல்லாம் அதில் பங்கு கொள்ளும். ஆனால் நாணயம் விழாமல் இழுக்கத் தெரியாத விரலிடம் 12 பவுண்டைக் கொடுத்தால், அது குறியைக் காப்பாற்றாது என்பது மேலே சொன்ன கணக்கிலிருந்தே பெறப்படும். எதிரில் நிற்பவரை எண்ணிக் கூட்டிய பளு, பக்கத்தில் நிற்பவர்மேல் விழுகிறது.

2021-இல் அத்துறை புதிதாகச் சேர்பவர்களுக்கு இலகுவான விசையுள்ள பிஸ்டல்களைத் தரப்போவதாக அறிவித்தது. இதனாலேயே எல்லாம் சீராகிவிடும் என்று நினைப்பதும் பழைய பிழையின் மறுபக்கமே. முன்பு பளு காக்கும் என்று நம்பினார்கள். இப்போது பளுவின்மை காக்கும் என்று நம்பப்போகிறார்கள். வில்லை மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை. செலவும் குறைவு, அறிக்கையில் எழுதவும் எளிது. விரலை மாற்றுவதற்கு மாதக்கணக்கில் நாள்தோறும் சில நிமிடங்கள் வேண்டும்; பொறுமையான ஆசிரியர்கள் வேண்டும். எந்தத் துப்பாக்கி, எத்தனை பவுண்டு என்ற விவாதத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்காவது விரல் எங்கே இருக்க வேண்டும் என்ற பாடத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

துப்பாக்கிகளே இல்லாத உலகம் வேண்டாமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். வேண்டும்தான். ஆனால் நாம் வாழும் உலகில் காவலர் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது. அது இருக்கும்வரை அதைப் பிடிக்கும் கை எப்படிப் பழகியது என்று கேட்கும் உரிமை, இருட்டு மாடிப்படியில் இறங்கும் எவருக்கும் உண்டு. அக்கேள்வியைத் தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிட்டு, மனிதாபிமானம் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை. இங்கே மனிதாபிமானம் விரற்கணுவின் மடிப்பிலும் காப்பு வளையத்தின் விளிம்பிலும் குடியிருக்கிறது.

தமிழில் அந்த விரலுக்கு ஆள்காட்டி விரல் என்று பெயர். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் வடிவத்தால் பெயர் வந்தது. இதற்குச் செய்யும் வேலையால் பெயர் வந்தது. எதிரில் இருப்பவர் இன்னார் என்று காட்டுவது அதன் வேலை. காப்பு வளையத்துக்கு வெளியே நீண்டு நிற்கும்போது அது தன் பெயருக்குரிய வேலையைத்தான் செய்கிறது. ஆளைக் கண்டறியும் அந்த வேலை முடியாமல் அது வளையத்துக்குள் போகக் கூடாது. போன பிறகு அது செய்வதை எந்தச் சுருள்வில்லின் பெயரிலும் எழுத முடியாது. நம் எழுத்தாளர்களும் இனி ‘விசையைத் தட்டினான்’ என்று எழுதுவதற்கு முன் ஒரு கணம் நிதானிக்கலாம். அவன் இழுத்தான். ஐந்து கிலோ பளுவை, ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு, தன் விரலால் இழுத்தான்.